நான் அளக்காமல் எழுதிய எண்

சுதா,

நீ புனேக்குப் பஸ் ஏறி இருபத்தாறு நாள் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் பேசுகிறோம். ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி, கம்ப்யூட்டர் வகுப்பு புரிகிறதா, குளிர் தாங்க முடிகிறதா என்று கேட்கிறேன். எல்லாவற்றுக்கும் நீ "ம்" என்கிறாய். போனை வைத்த பிறகு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்துவிட்டேனே என்று அதே இடத்தில் நின்றுகொண்டிருக்கிறேன். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வராது என்று தெரிந்துபோனதால் எழுதுகிறேன். சுற்றி வளைத்தால் மறுபடியும் எங்காவது ஒளிந்துகொள்வேன், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குந்தாரப்பள்ளியில் உன் மெஷின் வெடித்ததும் மாதேஷின் கண் போனதும் என்னால்தான். உன் டிசைனால் என்று நினைத்துக்கொண்டு நீ வேலையை விட்டுப் போனாய். நான் சமையலறையில் நின்றுகொண்டு உன்னைப் போகவிட்டேன்.

இதை எழுதிவிட்டு ஒரு தடவை படித்துப் பார்த்தேன். வேறு யாரோ எழுதிய மாதிரி இருக்கிறது. பத்தொன்பது வருஷம் டெஸ்டிங்கில் வேலை பார்த்த பொம்பளை, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மூன்று தடவை மீட்டரைப் பார்க்கிறவள் என்று பேர் வாங்கியவள், இதைச் செய்தாள் என்று இன்னொருத்தர் சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். இன்னமும் முழுசாக நம்ப முடியவில்லை.

ஆனால் யோசித்துப் பார்த்தால் இது திடீரென்று வந்த புத்தி இல்லை. ராயக்கோட்டை ரோட்டில் நாம் குடியிருந்த லைன் வீடு உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்குப் பதினோரு வயது. பக்கத்து வீட்டு சரோஜாக்கா ஊருக்குப் போகும்போது சாவியை நம்மிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் டிவிக்கு வைத்திருந்த ஸ்டெபிலைசரை நீ கழற்றிப் பார்த்து, மறுபடியும் மாட்டத் தெரியாமல் மாட்டி, புகை வந்து, பெட்டியோடு கருகிப்போனது. அப்பா அறிந்தால் தோலை உரித்துவிடுவார் என்று, சரோஜாக்கா வந்ததும், "கரண்ட்டு ஏறி இறங்குனதுல போயிருச்சுக்கா, எங்க வீட்டு பல்பு கூட ரெண்டு போச்சு" என்று வாய் கூசாமல் சொன்னேன். நீ பாவாடையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாய். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, புத்தகப் பையைக்கூட வைக்காமல் நேராக அவள் வீட்டுக்குப் போய், "நான்தான் பெரியம்மா கழட்டுனேன்" என்று சொல்லிவிட்டு வந்தாய். எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது. பெற்றவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாயே என்று இரண்டு நாள் உன்னிடம் சரியாகப் பேசவில்லை. அன்றைக்கு நான்தான் உன்னிடம் பாடம் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை. அதற்குப் பிறகும் மார்க் சீட்டில் அப்பா கையெழுத்தை நானே போட்டேன், காலேஜில் நீ லேபில் மீட்டர் எரித்ததை அப்பாவிடமிருந்து மறைத்தேன். உனக்கு அடி விழும் என்று தோன்றினால் என் வாயில் பொய் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்கு நான் பாசம் என்று பேர் வைத்திருந்தேன்.

நீ எம்.இ. முடித்துவிட்டு நம் கம்பெனியிலேயே டிசைனுக்கு வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி ஓசூருக்கு வந்து, செம்புக்கம்பிக் காயில் சுற்றும் இடத்தில் தினக்கூலியாகச் சேர்ந்து, பிறகு டெஸ்டிங்குக்கு மாறியவள் நான். நீ ஏ.சி. அறையில் உட்கார்ந்து படம் போட்டு அனுப்புகிறாய், அந்தப் படத்தை வைத்துச் செய்த மெஷினை நான் ஓட்டிப் பார்க்கிறேன். கேன்டீனில் பெண்கள் எல்லாம், "அம்மா பாஸ் பண்ணாத்தான் பொண்ணு பாஸாவா" என்று கிண்டல் பண்ணுவார்கள். எனக்கு அது கேட்கக் கேட்க இனிக்கும். 

உன் யோசனை எனக்கு முதலில் புரியவில்லை. நம் இருவருக்கும் மேலே இருந்த வெங்கடேசன் சாருக்குப் புரிந்தது, ஆனால் பிடிக்கவில்லை. வண்டிகளுக்கான ஷாஃப்ட்டை மேல்தோல் மட்டும் கடினமாகும்படி சூடாக்கும் மெஷின். செம்புச் சுருளுக்குள் ஷாஃப்ட் நிற்கும், சில விநாடிகளில் பழுக்கச் சிவக்கும். அந்தச் சுருளுக்குப் போகும் கரண்ட்டை விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூட வேண்டும். அதற்கு இரண்டு வகை ஸ்விட்ச் உண்டு, ஐ.ஜி.பி.டி. ஒன்று, மாஸ்ஃபெட் ஒன்று. அதுவரை நாம் ஏதாவது ஒரு வகையை மட்டும்தான் போட்டுவந்தோம். நீ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தண்ணீர் ஓடிக் குளிர்விக்கும் ஒரே உலோகத் தட்டில் பூட்டி, ஒரே வேலையைப் பங்கு போட்டுக் கொடுக்கலாம் என்றாய். மீட்டிங்கில் வெங்கடேசன் சார் எல்லோர் முன்னாலும் சொன்னது எனக்கு அப்படியே காதில் இருக்கிறது.

"சுதா, இருவது வருஷமா இந்த வேலையில இருக்கேன்ம்மா. ரெண்டு வேற வேற குணம் உள்ள சாமான ஒண்ணா கட்டிப் போட்டா, ஒண்ணு இன்னொண்ணக் காவு வாங்கும். புக்குல நல்லா இருக்கும். ஷாப்ல நிக்காது."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நீ என்னைப் பாத்திரம் கழுவும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்து மூடிக் காட்டினாய். "பாரும்மா, மூடுனப்புறமும் சொட்டுதா? ஐ.ஜி.பி.டி. இப்படித்தான். பெரிய கரண்ட்ட அலட்டிக்காம தாங்கும். ஆனா மூடுனதும் உடனே நிக்காது, கொஞ்சம் சொட்டும். அந்த நேரத்துல முழு வோல்டேஜும் அது தலையில விழுந்தா வெந்துரும். மாஸ்ஃபெட் சட்டுனு மூடும், சொட்டாது. ஆனா பெரிய பாரத்த ரொம்ப நேரம் தூக்காது. அதனால பாரத்த ஐ.ஜி.பி.டி. தூக்கட்டும். மூடுற நேரத்துல மட்டும் அது முதல்ல மூடட்டும், அதோட சொட்டு நிக்கிற வரைக்கும் மாஸ்ஃபெட் திறந்தே இருந்து தாங்கிக்கட்டும். அப்புறம் அது மூடட்டும். மூணு மைக்ரோ செகண்டு. அவ்வளவுதான் வித்தியாசம்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. "சொட்டு மூணுக்குள்ள நிக்கலேன்னா?" என்று கேட்டேன்.

"அதுதாம்மா முக்கியம். சூடாக ஆகச் சொட்டுற நேரம் நீளும். எவ்வளவு நீளும்னு கணக்குப் போட்டிருக்கேன். ஆனா கணக்கு வேற, மெஷின் வேற. அதனாலதான் ஆறு மணி நேரம் முழு லோடுல ஓட்டி, நல்லாச் சூடேறுனப்புறம் அளந்து எழுதணும்னு டெஸ்ட் ஷீட்டுல தனிக் கட்டம் போட்டிருக்கேன். நீதான் அளக்கப்போற."

நீதான் அளக்கப்போற என்றாய். உன் கணக்கில் பிசகு இருந்தால் அதைப் பிடிப்பதற்கு ஒரு கட்டம் போட்டு, அந்தக் கட்டத்தை நம்பிக்கையான ஆளிடம் கொடுத்திருந்தாய். ஒரு டிசைன் செய்கிறவள் இதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

மெஷினை ஓட்டிப் பார்த்த அன்றைக்கு நீ கம்பெனியில் இல்லை. தண்ணீர்க் குழாயும் கேபிளும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க உன்னை மெஷினை வாங்கிய குந்தாரப்பள்ளி கம்பெனிக்கு அனுப்பியிருந்தார்கள். காலையில் எட்டேகால் மணிக்கு நான் மெஷினை முழு லோடில் போட்டேன். குளிர்ந்திருந்தபோது சொட்டும் நேரம் இரண்டு மைக்ரோ செகண்டு என்று ஸ்கோப் திரையில் கோடு காட்டியது. எழுதினேன். பதினோரு மணி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு, ஸ்விட்சுகள் பூட்டியிருந்த தட்டு அளவுக்கு மீறிச் சூடாகி, மெஷின் தானாக நின்றது. ட்ரிப்.

தண்ணீர் ஓட்டம் குறைந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையிலேயே அன்றைக்குப் பம்ப் கொஞ்சம் மக்கர் செய்தது. ஆனால் நான் போய்த் தண்ணீரை அளக்கவில்லை. அளந்திருந்தால் அது சரியாக இருக்கிறது என்று தெரிந்திருக்கும், பிறகு வேறு காரணத்தைத் தேட வேண்டியிருக்கும். ரீசெட் செய்து ஓட்டினேன். இருபது நிமிஷத்தில் மறுபடியும் நின்றது. அந்த நேரம் பார்த்து வெங்கடேசன் சார் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"என்னக்கா, உங்க பொண்ணு மெஷின் எப்படி இருக்கு?"

"நல்லா ஓடுது சார்."

"ட்ரிப் கிப் ஆச்சா?"

"இல்ல சார்."

அவ்வளவுதான் சுதா. இரண்டே பதில். ட்ரிப் ஆனது என்று சொன்னால், "நான் அப்பவே சொன்னேன்" என்பார், எல்லோர் முன்னாலும் உன் முகம் சுருங்கும், இரண்டையும் சேர்த்துப் போடும் யோசனையையே தூக்கிப் பரணில் போட்டுவிடுவார்கள் என்று அந்த ஒரு கணத்தில் எனக்கு ஓடியது. அவர் போன பிறகு மெஷினை ஏற்றிப்போக வாசலில் லாரி வந்து நின்றது. ஆறு மணி நேரத்தில் மூன்றரை மணி நேரம்கூட முடியவில்லை. நான் மெஷினை நிறுத்தினேன். சூடேறிய பிறகு என்று நீ போட்டிருந்த கட்டத்தில், ஸ்கோப்பைப் பார்க்காமல், 2.3 என்று எழுதினேன். என் மகள் கணக்குப் போட்டிருக்கிறாள், மூன்றுக்குள்தான் இருக்கும் என்று நினைத்துத்தான் எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு அதிர்ச்சி. கொஞ்சமாவது நடுங்கியிருக்க வேண்டாமா?

மெஷின் அங்கே போய் ஓட ஆரம்பித்ததும் நீ வாங்கிக்கொண்டு வந்த மைசூர் பாகை மெஷின் கட்டும் ஷாப் முழுக்கக் கொடுத்தோம். வெங்கடேசன் சார்கூட இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார். இருபத்து மூன்றாவது நாள் பிற்பகலில் குந்தாரப்பள்ளியிலிருந்து போன் வந்தது.

ஜீப்பில் நீ முன்னால் உட்கார்ந்திருந்தாய், நான் பின்னால். நான்கு வழிச் சாலை போடுகிறார்கள் இல்லையா, சூளகிரி தாண்டி ஒரே புழுதி. என்ன ஆயிற்று என்று யாரும் முழுசாகச் சொல்லவில்லை. உள்ளே போனபோது ஷெட் முழுவதும் கருகிய வாடை. பேனலின் முன்கதவு நடுவில் வீங்கி, ஒரு கீலில் தொங்கிக்கொண்டிருந்தது. ஐ.ஜி.பி.டி. இருந்த இடத்தில் கறுப்பாகக் குழி. அதன் பக்கத்துக் கபாசிட்டர் வெடித்து, அதற்குள்ளிருந்த சுருள் சுருளான தகடு தரை முழுவதும் கிடந்தது. அந்தச் சுருளுக்கு நடுவே ஒரு ரப்பர் செருப்பு. ஒற்றைச் செருப்பு. நீ அதைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய். "யாரு இருந்தாங்க? யாரும்மா இருந்தாங்க?" என்று திரும்பத் திரும்ப என்னைக் கேட்டாய். என்னைக் கேட்டால் எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் நீ என்னைத்தான் கேட்டாய்.

மாதேஷ் இருந்தான். அந்த மெஷினை ஓட்டும் ஆபரேட்டர், நாகரசம்பட்டிக்காரன், கல்யாணமாகி இரண்டு வருஷம். கதவு பட்டு இடது கண் போய்விட்டது. அந்தப் பக்கத்துக் காதும் கேட்கவில்லை. வலது கண்ணை மட்டும் பெங்களூரில் காப்பாற்றிக் கொடுத்தார்கள்.

அடுத்த பத்து நாளும் நீ சாப்பிட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. எரிந்த தட்டை மேஜைமேல் வைத்துக்கொண்டு கணக்கு மேல் கணக்காகப் போட்டாய். ஒருநாள் சாயங்காலம் நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். நீ டெஸ்ட் ஷீட்டின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றாய்.

"சொட்டு நீண்டு போய்த்தான் வெந்திருக்கும்னு மொதல்ல நெனச்சேம்மா. ஆனா சூட்டுலயும் 2.3 தான் இருந்திருக்கு. நீ அளந்திருக்க. அப்ப அது காரணம் இல்ல. வேற எதுவும் எனக்குப் பிடிபடல. வெங்கடேசன் சார் சொன்னதுதான் சரி. அடிப்படையே தப்பு. ரெண்டையும் சேர்க்கவே கூடாது. எனக்குத் தெரியாத ஒண்ண வெச்சு ஒரு மனுஷன் கண்ணத் தோண்டிட்டேன்."

கடுகு வெடித்துக் கருகியது. அடுப்பை அணைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் நின்றேன். அந்த நிமிஷம் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "அளக்கல சுதா" என்று இரண்டு வார்த்தை. "அதெல்லாம் விதி, நீ சாப்பிடு" என்றேன். மெஷின் விஷயத்தில் பொய் சொன்னதைவிட இது கேவலம் என்று எனக்குத் தெரிகிறது. முன்னதை உனக்காகச் சொன்னேன் என்று சாக்குச் சொல்லலாம். இது எனக்காகவே சொன்னது.

நீ ராஜினாமா எழுதிக் கொடுத்தாய். ஆஸ்பத்திரிக்குப் போய் மாதேஷின் கட்டில் பக்கத்தில் நின்று அழுதுவிட்டு வந்தாய். சாஃப்ட்வேர் வேலைக்குப் பயிற்சி எடுக்கப் புனே கிளம்பினாய். உன் நோட்டுகளை எல்லாம் பழைய பேப்பர்காரனுக்குப் போடச் சொன்னாய். நான் போடவில்லை. பீரோவில் புடவைக்கு அடியில் இருக்கிறது.

நீ போன பன்னிரண்டாம் நாள், நாகரசம்பட்டிக்கு மாதேஷைப் பார்க்கப் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. கம்பெனியிலிருந்து பழம் கொடுத்துவிட ஆள் தேடினார்கள், நான் போகிறேன் என்றேன். கண்ணில் கட்டோடு மாமரத்து நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். வலது காதுப் பக்கமாகப் போய் உட்காரச் சொன்னாள் அவன் பெண்சாதி ருக்மிணி. நான் டெஸ்டிங்கில் வேலை பார்க்கிறவள் என்று அவர்களிடம் சொல்லவில்லை. சுதாவின் அம்மா என்று மட்டும் சொன்னேன். அவன் தானாகவே பேசினான்.

"அது மொதல் வாரத்துல இருந்தே மத்தியானத்துக்கு மேல நின்னு நின்னு போவும்மா. தட்டு சூடாயிருச்சின்னு லைட்டு எரியும். நான் ரீசெட் பண்ணிக்குவன்."

"யார்கிட்டயும் சொல்லலியா?"

"சொல்லலாம்னுதான் நெனச்சன். ஆனா கதவுக்கு உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்துச்சி இல்ல, உங்க கம்பெனி தாள். அதுல சூடான அப்பறம் எவ்ளோ, என்னான்னு எல்லாம் எழுதி, ஓகேன்னு கையெழுத்துப் போட்டிருந்தாங்க. நான் பத்தாங் கிளாஸ் வரிக்கும்தான் படிச்சன், எல்லாம் புரியாது. ஆனா சூட்டுல ஓட்டிப் பாத்துட்டுத்தான் குடுத்திருக்காங்கன்னு புரிஞ்சிது. அளந்தவங்க பொய்யாவா எழுதப்போறாங்க, ஒண்ணும் ஆவாதுன்னு தைரியமா ரீசெட் பண்ணிக்கினே இருந்தன். அன்னிக்கும் அத பாத்துட்டுத்தான் பண்ணன்."

எனக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது. அவன் வாய் அசைகிறது, ருக்மிணி டம்ளரில் மோர் நீட்டுகிறாள், எதுவும் கேட்கவில்லை. அதுவரைக்கும் நான் மறைத்தது ஒரு ட்ரிப், நிரப்பியது ஒரு கட்டம், ஏமாற்றியது வெங்கடேசன் சாரை என்றுதான் நினைத்திருந்தேன். அந்தத் தாளை ஒரு மனுஷன் தினமும் படித்துக்கொண்டிருந்தான் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. பத்தொன்பது வருஷம் ஷீட் எழுதியிருக்கிறேன், அதை யார் படிப்பார்கள் என்று ஒருநாள்கூட நினைத்ததில்லை. அந்த மோரைக் குடித்தேனா, கொட்டினேனா என்று தெரியாது. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் ஓசூர் பஸ் மூன்று வந்து போகும் வரைக்கும் ஏறாமல் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பாதி கழற்றிய சட்டையோடு நின்று, "நீயா?" என்றார்.  இன்றைக்கு வரைக்கும் தட்டை எடுத்து வைத்தால் சாப்பிடுகிறார், என் முகத்தைப் பார்ப்பதில்லை.

மறுநாள் காலையில் வெங்கடேசன் சார் அறைக்குப் போய்க் கதவை மூடிவிட்டுச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு, "நான் அன்னைக்குக் கேட்டனேக்கா. நேரா உங்க மூஞ்சியப் பாத்துக் கேட்டனே" என்றார். கொஞ்சம் கழித்து, "அந்தப் பொண்ண எல்லார் முன்னாடியும் மட்டம் தட்டுனது நான். ட்ரிப்புன்னு சொல்ல உங்களுக்கு வாய் வராம பண்ணதுல எனக்கும் பங்கு இருக்கு" என்றார். அவர் பங்கை அவர் எடுத்துக்கொள்ளட்டும் சுதா. என் பங்கு அதனால் குறையாது.

உன் இரண்டாவது மெஷின் பாதி வேலையில் நின்றிருந்தது அல்லவா? அதை முடித்து டெஸ்டிங்கில் ஏற்றினார்கள். என்னைத் தொடவிடவில்லை, ஆனால் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். வெங்கடேசன் சாரே ஸ்கோப் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். பம்ப் சரியாக ஓடியது, தண்ணீர் குறையவில்லை. முதல் மணி நேரத்தில் இரண்டு. இரண்டாம் மணி நேரத்தில் இரண்டரை. மூன்று மணி நேரம் ஆகும்போது சொட்டும் நேரம் மூன்றைத் தாண்டியது. திரையில் அந்தக் கோடு வாலை நீட்டிக்கொண்டு, மாஸ்ஃபெட் மூடிய பிறகும் தொங்கிக்கொண்டிருப்பது எல்லோருக்கும் தெரிந்தது. தட்டு சூடாகி ட்ரிப் ஆனது. என்னிடம் ஆனது போலவே, அதே நேரத்துக்கு. நான் அன்றைக்கு ஸ்கோப் பக்கம் கழுத்தைத் திருப்பியிருந்தால் போதும், இதே கோடு எனக்கும் தெரிந்திருக்கும்.

மெஷினை ஆறவிட்டு, மாஸ்ஃபெட் காத்திருக்கும் நேரத்தை மூன்றிலிருந்து ஐந்தாக மாற்றினார். போர்டில் ஒரு ரெசிஸ்டர், அவ்வளவுதான். கழற்றி வேறு ஒன்றை வைத்துப் பற்றவைக்கக் கால் மணி நேரம் ஆகவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்குப் போட்டு மாலை நான்கு மணி வரைக்கும் முழு லோடில் ஓட்டினார். ஒரு ட்ரிப் இல்லை. தட்டில் கை வைத்துப் பார்க்கலாம் போல இருந்தது. வெங்கடேசன் சார் எழுந்து, "ஷாப்ல நிக்காதுன்னு சொன்னேன். நிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கால் மணி நேரத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கே உனக்கு ஒரு போன் போட்டு, "சுதா, மெஷின் ட்ரிப் ஆகுதுடி, வந்து பாரு" என்று சொல்லியிருந்தால் நீ சாயங்காலம் வந்து மாற்றியிருப்பாய். வெங்கடேசன் சார் ஒரு சொல் சொல்லியிருப்பார், நீ ஒருநாள் முகம் வாடியிருப்பாய். அந்த ஒருநாள் வாட்டத்தைப் பார்க்கச் சகிக்காமல் நான் உன் இத்தனை வருஷப் படிப்பையும் ஒருத்தன் கண்ணையும் கொடுத்திருக்கிறேன். உன் கணக்கு கொஞ்சம் பிசகியிருந்தது, நிஜம். முதல் மெஷினில் யாருக்குத்தான் பிசகாது? பிசகைப் பிடிக்கத்தான் என்னை அங்கே உட்காரவைத்துச் சம்பளம் கொடுத்தார்கள். நாளைக்கு உனக்கென்று பிள்ளை பிறந்து, அது ஏதாவது தப்பு செய்தால், அதற்காக வெட்கப்பட்டுக்கொண்டு பக்கத்தில் நில். மறைக்காதே. எனக்குச் சொல்ல அருகதை இருக்கிற ஒரே புத்திமதி இதுதான்.

என்னை டெஸ்டிங்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணை முடியும் வரைக்கும் வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். நடந்ததை எழுதித் தரச் சொன்னார்கள், எழுதிக் கொடுத்ததில் ஒன்றையும் குறைக்கவில்லை. "உங்க பொண்ணுக்கு நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்றீங்களா?" என்று வெங்கடேசன் சார் கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து போய்விட்டது. புனேயில் குளிர் எப்படி என்று உன்னிடம் கேட்டேன்.

நேற்று மறுபடியும் நாகரசம்பட்டி போனேன். இந்தத் தடவை அவன் வலது காதுப் பக்கம் உட்கார்ந்து, அந்தத் தாளில் இருந்தது என் கையெழுத்து, நான் அளக்கவில்லை என்று சொன்னேன். ருக்மிணி முதலில் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் தெலுங்கில் கத்த ஆரம்பித்தாள். ஓசூரில் இத்தனை வருஷம் இருந்ததில் எனக்கு அவ்வளவு தெலுங்கு விளங்கும். உன் கை விளங்காமல் போகட்டும் என்றாள். நான் கொண்டுபோன பையைத் தூக்கி வாசலில் எறிந்தாள். நான் எழுந்திருக்கவில்லை. அவள் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

மாதேஷ் நல்ல கண்ணையும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் ஓய்ந்த பிறகு, என் பக்கம் திரும்பாமலே கேட்டான்.

"உங்க பொண்ணுக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்லப்பா."

"அவங்க இங்க வந்து எம்மாம் அழுதாங்க தெரியுமா? என்னால தான் என்னால தான்னு. என் கையப் புடிச்சிக்கினு விடவே இல்ல. நான் ஒண்ணும் சொல்லாம படுத்துங்கெடந்தன், ஏன்னா அவங்களாலதான்னு நானும் நெனச்சன்." அப்போதுதான் என் பக்கம் திரும்பினான். "எங்கிட்ட சொல்ல வந்துட்டீங்க. அவங்ககிட்ட சொல்லல. மொதல்ல அத சொல்லிட்டு வாங்கம்மா. அப்பறம் எங்கிட்ட பேசலாம்."

எல்லோரிடமும் சொன்னவள் உன்னிடம் மட்டும் சொல்லாமல் இருந்ததை, ஒரு கண்ணை இழந்தவன் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டாவது மெஷின் ஷாப்பில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. வெளியே அனுப்புவதாக இருந்தால் நீ வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் என்று வெங்கடேசன் சார் சொல்லிவிட்டார். உன் ராஜினாமாவை அவர் இன்னும் மேலே அனுப்பவில்லை. வருவதும் வராததும் உன் இஷ்டம். அங்கேயே உனக்குப் பிடித்திருந்தால் இரு. ஆனால் இரண்டையும் சேர்க்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டு இராதே. நீ சேர்த்தது சரி. எட்டு மணி நேரம் ஓடியதை நான் நின்று பார்த்தேன்.

என்னை மன்னி என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, அதனால் கேட்கவில்லை. என்னிடம் பேசப் பிடிக்கவில்லை என்றால் பேச வேண்டாம். அப்பாவுக்குப் போன் செய், அவர் தனியாக இருக்கிற மாதிரி இருக்கிறார். இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்ததும் கிடைத்தது என்று மட்டும் ஒரு எஸ்.எம்.எஸ். போடு. அதை எடுத்துக்கொண்டு நான் நாகரசம்பட்டிக்குப் போக வேண்டும்.

அம்மா